மண் ஓய்வில் உள்ளது

மண்ணைத் தூங்க வைப்பது என் வேலை. முப்பத்தொரு ஆண்டுகளாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்றால் ஆட்கள் நம்புவதில்லை. அடைமழை பெய்த ஒரு வருடம் சேற்றில் புதைந்த டிராக்டரைக் கயிறு கட்டி இழுத்தோம். மேலே வந்தது அதைவிடப் பழைய வேறொரு டிராக்டர். சாவி அதிலேயே இருந்தது, திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சொன்னால் அதையும் நம்புவதில்லை. எங்கள் டிராக்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் தோண்டிப் பார்க்கலாம்.

ஆகவே இந்த விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது சக்கரங்களைச் சோதிக்கும் கூடம். தகரக் கூரை, பெரிய கதவு, ஒரே ஒரு மின்விசிறி. நடுவில் சிமெண்டுத் தொட்டி: பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இடுப்பளவு ஆழம். அதில் தண்ணீர் கிடையாது, மண்தான். தொட்டியின் இரண்டு பக்கமும் தண்டவாளம் ஓடுகிறது. அதன்மேல் ஓர் இரும்புச் சட்டம், சட்டத்தில் ஒற்றைச் சக்கரம். மோட்டாரைப் போட்டால் சக்கரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மண்ணில் உருண்டு போகும். எத்தனை மில்லிமீட்டர் புதைந்தது என்று ஒரு கருவி வழி நெடுகக் குறித்துக்கொண்டே வரும். வயலிலும் சதுப்பிலும் ஓடும் வண்டிகளைச் செய்கிறவர்கள், தங்கள் சக்கரம் மிதக்குமா மூழ்குமா என்று இங்கே வந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு முறையும் மண் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் நான். கொத்திப் பொடியாக்குவேன். பூவாளியால் நனைப்பேன். உருளையை ஒருமுறை லேசாக ஓட்டி, பலகையால் மட்டம் பார்த்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவேன். பிறகு ஐந்து நாள் தொடக்கூடாது. அப்போதுதான் ஈரம் மேலும் கீழும் ஒன்றுபோலப் பரவும். அந்த ஐந்து நாளும் கதவில் ஒரு பலகை தொங்கும்: "மண் ஓய்வில் உள்ளது. உள்ளே வராதீர்கள்." கையெழுத்து என்னுடையது. நன்றாக இருக்கும்.

எனக்கு ஓய்வு வயது வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. மண்ணைத் தூங்க வைக்கத் தெரிந்த வேறு ஆள் அகப்படாததால் என்னை விடவில்லை.

அங்கேயே என் மருமகளும் வேலை பார்க்கிறாள். முதலில் வேலைக்கு வந்தாள், பிறகுதான் மருமகளானாள். என் மகன் லிப்ட் பழுதுபார்க்கிறவன். ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவன், அவளைப் பார்த்துவிட்டு, டப்பாவோடு அப்படியே திரும்பிப் போய்விட்டான். அன்று நான் பட்டினி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட, கூடத்தில் எல்லாரும் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தலைவருக்கு என்னைவிட ஒன்பது வயதுதான் குறைவு. அவருக்கும் நான் மாமாதான்.

நான் தொட்டியில் செய்வதை அவள் கணினியில் செய்கிறாள். மண் என்பது அவளுக்கு ஒன்பது லட்சம் குட்டி உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் பக்கத்து உருண்டையை எப்படித் தள்ளும், எவ்வளவு ஒட்டும், நசுக்கினால் எங்கே நழுவும் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓட்டிவிடுவாள். திரையில் பார்த்தால் நிஜமாகவே மண் பிதுங்கும். இந்தக் கணக்கை அவள் ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அது சரியாக வந்துவிட்டால், சக்கரத்தைச் செய்து பார்ப்பதற்கு முன்பே அது மூழ்குமா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சரியாக வரவில்லை. எழுபத்திரண்டு மில்லிமீட்டர் புதையும் என்று கணினி சொல்லும். தொட்டியில் ஓட்டினால் ஐம்பத்துமூன்றுதான் புதையும். எந்தச் சக்கரத்தைப் போட்டாலும் இதே கதை.

பழைய ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கணினிக்கு முன்பு காகிதத்தில் கணக்குப் போட்ட காலத்திலும் இதே வித்தியாசம் வந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் "அனுபவ எண்" என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கையேட்டில் எழுதிவைத்துவிட்டார். பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு. வந்த விடையை அதால் பெருக்கினால் தொட்டியோடு ஒத்துப்போகும். அந்த அனுபவம் யாருடைய அனுபவம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தலைவரும் அதைத்தான் சொன்னார். "பெருக்கிட்டுப் போயேம்மா. எல்லாரும் பெருக்கியிருக்காங்க."

"காரணம் தெரியாம பெருக்க மாட்டேன் சார்."

"வர்ற வாரம் வெள்ளிக்கிழமை அறுவடை வண்டி செய்யற அந்தக் கம்பெனியம்மா வர்றாங்க. பத்து சதவீதத்துக்குள்ள ஒத்துப்போனாத்தான் உன் கணக்கை எடுத்துக்குவாங்க. இல்லேன்னா இதை மூடிடச் சொல்லி மேல இருந்து வந்தாச்சு. உன்னை விவரச் சீட்டு அச்சடிக்கிற பிரிவுக்கு மாத்திடுவாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சக்கரத்தின் விட்டம், எடை, நிறம் ஆகியவற்றைத் துண்டுச் சீட்டில் அச்சடிக்கும் பிரிவு அது. அங்கே போனவர்கள் நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

அந்த வாரம் என் மருமகள் வீட்டில் காப்பியில் உப்பைப் போட்டாள். என் மகன் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அவன் நல்ல பையன்.

புதன்கிழமை அவள் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினாள். இப்படிப்பட்ட மண்ணில் சக்கரம் எப்படிப் போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு, சக்கரம் இப்படிப் போக வேண்டுமானால் மண் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்டாள். கணினி ஒரு படம் கொடுத்தது. தொட்டியின் இரண்டு முனையும் வெளிர் மஞ்சள், அதாவது பொலபொலப்பான மண். நடுவில் மட்டும் சிவப்பாக இறுகிய ஒரு திட்டு.

முனைகளில் எப்போதும் மண் சரியாகத்தான் இருக்கும். எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் கம்பியைக் குத்திப் பதம் பார்ப்பது முனைகளில்தான். நடுவில் குத்தினால் சக்கரம் போகும் பாதை கெட்டுவிடும் என்று குத்துவதே இல்லை. அதே சமயம், சக்கரம் வேகம் எடுப்பதும் நிற்பதும் முனைகளில் என்பதால் அங்கே எடுத்த அளவைத் தள்ளிவிட்டு, நடுவில் எடுத்ததைத்தான் கணக்கில் சேர்ப்போம். ஓரிடத்தில் மண்ணைப் பார்ப்பது, இன்னோரிடத்தில் சக்கரத்தைப் பார்ப்பது. முப்பத்தொரு வருடமாக இது யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் படித்தவர்கள்.

தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, "தொட்டிக்கு அடியில ஏதோ குழாய் போகுது. அது தூக்கிவிட்டிருக்கு. நாளைக்கே ஆளை வரச்சொல்லி உடைச்சுப் பாத்துடுவோம்" என்றார். எங்கே உடைப்பது என்று கோடு போடுவதற்காக அந்தப் படத்தை நிஜ அளவில் நீளமான தாளில் அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் தாளைத் தரையில் விரித்தாள். நான் கையில் பூவாளியோடு பக்கத்தில் நின்றேன்.

ஒரு முனையில் இரண்டு சின்னச் சிவப்புப் புள்ளிகள். அப்புறம் கொஞ்சம் மஞ்சள். அப்புறம் அகலமாக ஒரு சிவப்பு. பிறகு இடுக்கான ஓர் இடம், பிறகு மறுபடி அகலம், கடைசியில் தேங்காய் அளவில் ஒரு வட்டம். அந்த வளைவுகள் எனக்கு எங்கேயோ பழக்கமானவையாக இருந்தன. தினமும் காலையில் எழுந்து திரும்பிப் பார்த்தால் என் மெத்தையில் இருக்கும் பள்ளம் அது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மதியம் சாப்பிட்டதும் எனக்கு முக்கால் மணி நேரம் படுத்தாக வேண்டும். கூடத்தில் இருக்கும் ஒரே மின்விசிறியின் காற்று விழும் இடம் தொட்டியின் நடு. அடியில் ஈர மண், மேலே விரிப்பு. அந்தக் குளிர்ச்சி எந்த மெத்தையிலும் கிடையாது. கதவில் பலகை தொங்குவதால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். எழுந்ததும் விரிப்பை விலக்கி, என் உருவத்தில் விழுந்திருக்கும் பள்ளத்தில் சலித்த மண்ணைத் தூவி, பலகையால் மட்டம் செய்து, மறுபடி மூடிவிடுவேன். ஓர் ஆள் படுத்த அடையாளமே தெரியாது. எந்த வேலையைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

மேலே சுத்தம், அடியில் ஐந்து நாள் அமுங்கிய மண். அதன்மேல்தான் சக்கரங்கள் ஓடியிருக்கின்றன.

தொட்டியை உடைத்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு கவலை. அவள் அச்சடிக்கும் பிரிவுக்குப் போய்விடக் கூடாதே என்பது அதைவிடப் பெரிய கவலை. பூவாளியைக் கீழே வைத்தேன்.

"அம்மாடி, அது குழாய் இல்ல."

"வேற என்ன மாமா?"

"நான்."

"என்ன நீங்க?"

"அந்தச் செவப்பு. மத்தியானம் நான் அங்கதான் படுப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ மாமா, டிராக்டர் கதையே பரவால்ல. ரெண்டு வாரமா சிரிக்கவே இல்ல நான். தேங்க்ஸ்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"டிராக்டரையும் நிஜமாத்தான் சொன்னீங்க. காதுல பூ சுத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க மாமா, எனக்கு நிறைய வேலை இருக்கு."

இதற்குத்தான் ஒரு மனிதன் தன் கதைகளைக் கொஞ்சம் சிக்கனமாகச் சொல்லிப் பழக வேண்டும். அன்றிலிருந்து நானும் பழகலாம் என்று இருக்கிறேன்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றினேன். தாளின்மேல் ஏறி, குதிகால்களை அந்த இரண்டு புள்ளிகளில் வைத்து உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து படுத்தேன். இடுப்பு இடுப்பில் பொருந்தியது. தோள் தோளில் பொருந்தியது. தலை தேங்காயில் இறங்கியது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்தால்கூட எனக்கு அவ்வளவு கச்சிதமாக வந்ததில்லை.

சிரிப்புச் சத்தம் நின்றது.

"மாமா, அசையாதீங்க."

"தூக்கம் வருதும்மா. பழக்கதோஷம்."

"தூங்காதீங்க! வலது பக்கம், இடுப்புக்கு மேல ஒரு கருஞ்செவப்புப் புள்ளி இருக்கு. மத்த எல்லாத்தையும் விட அதுதான் இறுக்கம். அது என்னன்னு புரியல. நீங்க எழுந்திருங்க பாக்கலாம். மெதுவா. வழக்கமா எப்படி எழுந்திருப்பீங்களோ அப்படி."

இந்த வயதில் எழுந்திருப்பது ஒரு காரியம். ஒருக்களித்து, வலது முழங்கையை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் ஏற்றி, ஒரு பெருமூச்சு விட்டு, பிறகுதான் முழங்கால். முழங்கையை ஊன்றினேன். அது கருஞ்சிவப்புப் புள்ளியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை வருஷமா மாமா?"

"நீ பிறந்ததிலிருந்துன்னு வெச்சுக்கோயேன். மூணு மாசம் முன்ன பின்ன இருக்கும்."

ஆனாலும் படித்த பெண். கண்ணால் பார்த்ததை நம்பிவிட மாட்டாள். "கணக்கு சொல்லட்டும்" என்றாள். கணினியில் ஒரு மனிதனைச் செய்தாள். தலை, தோள், இடுப்பு, குதிகால், முழங்கை. முகம் மட்டும் வைக்கவில்லை. அந்த ஆளை ஒன்பது லட்சம் உருண்டைகளின்மேல் ஐந்து முறை படுக்கவைத்து எழுப்பி, பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் சக்கரத்தை ஓட்ட வேண்டும்.

"உங்க எடை என்ன மாமா?"

"அறுபத்தெட்டு."

அந்த ஆளைச் செய்து முடித்து ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் ஆனது. தொட்டியை உடைக்க வந்த ஆட்களிடம், "மண் ஓய்வில் உள்ளது" என்று பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவள் முகம் சரியில்லை.

"பாதிதான் ஒத்துப்போகுது மாமா. மேடு பள்ளமெல்லாம் சரியான இடத்துல வருது, ஆழம் பத்தல. உங்களால இவ்வளவு அமுக்க முடியாதுன்னு சொல்லுது."

"என்னை அப்படிக் குறைச்சு மதிப்பிட வேண்டாம்னு சொல்லு."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். ஐம்பது கிலோவிலிருந்து தொண்ணூற்றைந்து வரை எல்லா எடையையும், குட்டையிலிருந்து நெட்டைவரை எல்லா உயரத்தையும், வலது கை இடது கை இரண்டையும் போட்டு ஒரு பெரிய அட்டவணையாகக் கணினியை ஓட்டிவிட்டாள். சனிக்கிழமை விடை வந்தது. எண்பத்தொரு கிலோ. எண்பத்தொன்றில் போட்டால் சக்கரம் ஐம்பத்துமூன்று மில்லிமீட்டர்தான் புதையும், நூலிழை பிசகாமல்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரியிடம் அவள் மனசு தாங்காமல் சொல்லிவிட்டாள். "அத்தை, மாமா எண்பத்தொண்ணு."

"யார் சொன்னது?"

"கணினி."

என் வீட்டுக்காரி கரண்டியை வைத்தாள். "அதானே பாத்தேன். அந்த பேக்கரிக்காரன் எப்படி மாடி கட்டினான்னு தெரு முழுக்க யோசிச்சிட்டிருந்தோம்."

"அறுபத்தெட்டுங்கிறது நான் பொய் சொல்லல" என்றேன். "கல்யாணத்தன்னைக்கு எடுத்த எடை. அப்புறம் யாரும் கேக்கல."

"இத்தனை வருஷம் இல்லாம, இப்ப ஒரு மெஷின் வந்து சொன்னாத்தான் இந்த மனுஷன் ஒத்துக்கிறாரு" என்றாள் மருமகளிடம். "அதுகிட்ட இன்னும் கொஞ்சம் கேக்கலாமா? என்கிட்ட ஒரு பட்டியலே இருக்கு."

அதே சனிக்கிழமை காலையில் தலைவரிடம் சொல்லியாகிவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஒல்லியான மனிதர். கூடத்தில் எப்போதும் நின்றுகொண்டே இருப்பார், உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தார்.

"முப்பத்தொரு வருஷம். தினமுமா மாமா?"

"ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் சார்."

"அப்போ அந்த அனுபவ எண்..."

"என் அனுபவம்தான் போலிருக்கு சார்."

அவர் கையேட்டைத் திறந்து அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அங்க அவ்வளவு குளிர்ச்சியாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"விரிப்புக்கு மேல ஒரு துண்டைப் போட்டா சொர்க்கம் சார்."

உடனே முகத்தை மாற்றிக்கொண்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமைக்குப் புது மண் தயார் பண்ணுங்க. யாரும் படுக்கக்கூடாது. ஒரு எறும்புகூட அதுமேல நடக்கக்கூடாது."

அன்றே மண்ணைக் கொத்தி, நனைத்து, மட்டம் செய்து மூடினேன். கணினி எழுபத்திரண்டு என்று சொன்னதை மருமகள் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைவரின் மேசையில் வைத்தாள். இனி மாற்ற முடியாது. தொட்டி எழுபத்திரண்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் அச்சடிக்கும் பிரிவு.

அடுத்த வாரம் மதியங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று விவரிக்க மாட்டேன். கதவுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை கீழே விழுந்தேன். செவ்வாய்க்கிழமை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியதில், கதவைத் தள்ள வந்த தபால்காரர் என்னையும் சேர்த்துத் தள்ளினார். புதன்கிழமை ஒரு கண் மட்டும் தூங்கியது. மற்றக் கண்ணால் நான் அதைப் பார்த்தேன். வியாழக்கிழமை தலைவரே இரக்கப்பட்டுவிட்டார். "நீங்க போய் டீ குடிச்சிட்டுக் கொஞ்சம் நடந்துட்டு வாங்க மாமா. மண்ணை நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே போனேன். பன் சாப்பிடவில்லை. பேக்கரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கம்பெனியம்மா வந்தார். சதுப்பில் ஓடும் அறுவடை வண்டிகளைச் செய்யும் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். குட்டை முடி, பெரிய காலணி. கையில் ஓர் இரும்பு அளவுகோல் வைத்திருந்தார். அதால் தன் முதுகைச் சொறிந்துகொண்டார். உறையைப் பிரித்தார். "எழுபத்திரண்டா? சரி, ஓட்டுங்க."

கூடத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தோம். அதில் கணினியின் கோடு நீலத்தில், எழுபத்திரண்டில், ஏற்கெனவே வரைந்திருந்தது. சக்கரம் போகப் போக அதன் கோடு சிவப்பில் வரும். நான் விரிப்பை விலக்கினேன். மண் அழகாக, மட்டமாக இருந்தது. என்னைக் கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே மட்டமாக இருந்தது. மோட்டாரைப் போட்டார்கள்.

எழுபத்தொன்று. எழுபத்துமூன்று. எழுபத்திரண்டு. சிவப்பு நீலத்தின்மேலேயே ஏறிப் போனது. முதல் மூன்று மீட்டர் கழிந்தது, நடுப்பகுதி வந்தது. நான்காவது மீட்டர், எழுபத்திரண்டு. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. மண்ணாக இருந்தால் பதினெட்டு சதவீதம் என்று சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது மீட்டரில் சிவப்புக் கோடு குதித்தது. அறுபத்தொன்று. இறங்கி எழுபது. மறுபடி அறுபத்துநான்கு. ஒரு வளைவு, ஒரு இடுக்கு, ஒரு வட்டம். அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுபத்திரண்டிலேயே கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

கம்பெனியம்மா அளவுகோலால் அந்த மேட்டைத் தொட்டார். "இது என்ன? மத்த இடமெல்லாம் பிரமாதம். இங்க மட்டும் பதினைஞ்சு சதவீதம் போகுதே. இந்த மாதிரி ஒரு இடம் வயல்ல வந்தா உங்க கணக்கை நம்பி நான் வண்டியை விட்டுடலாமா?"

மருமகள் என் கையை விட்டாள். மெதுவாகத் திரும்பினாள். "மாமா."

"நான் இல்ல."

"மாமா!"

"உன் மாமியார் மேல சத்தியமா நான் இல்ல. நான் டீக்கடையில இருந்தேன்."

"சத்தியம் பண்றதுக்கு அத்தைதான் கெடைச்சாங்களா?"

வாழ்க்கையில் இரண்டாவது முறையாக முழு உண்மையைச் சொல்லியிருந்தேன், அதற்கும் இதே மரியாதை. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது.

"என்னை நம்ப வேண்டாம். அந்த அட்டவணையைக் கேளு. எல்லா எடையும் போட்டு வெச்சிருக்கியே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். மேட்டின் வடிவத்தை அட்டவணையில் தேடவிட்டாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு மூன்று வயது கூடியது. பிறப்புச் சான்றிதழைக்கூடத் திருத்த வேண்டியிருந்தது.

"மாமா இல்ல" என்றாள் மெதுவாக. குரல் மாறியிருந்தது. "அறுபத்துநாலு கிலோ. மாமாவை விட ஒரு சாண் குட்டை. ஒரே ஒரு தடவை படுத்திருக்காங்க. இடது முழங்கையை ஊன்றி எழுந்திருக்காங்க. குதிகால் ரெண்டும் ரொம்ப கூர்மையா இறங்கியிருக்கு..."

"ஷூவைக் கழட்டல" என்றேன். "பாத்துக்கோ. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு நாளாவது செருப்போட படுத்திருப்பேனா?"

கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். தலைவர் ஓரமாக நின்று, குறிப்பேட்டில் ஏதோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். இடது கையால். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் பேனாவை வலது கைக்கு மாற்றினார். அது அவருக்குச் சரியாகப் பிடிக்க வரவில்லை.

"அஞ்சே நிமிஷம்" என்றார்.

"இருபத்தஞ்சு" என்றாள் மருமகள், திரையைப் பார்த்தபடி. அது கணினி சொன்னதா, அவளாகச் சேர்த்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மாமா சொர்க்கம்னு சொன்னாரேன்னு..." தலைவரின் காது சிவந்துவிட்டது. "எழுந்ததும் நிரவிட்டேன். பலகை வெச்சு நல்லாத்தான் நிரவினேன்."

"அதான் அவ்வளவு மட்டமா இருந்துச்சு" என்றேன். "கைத்தொழில் வரும் சார், ஆனா கொஞ்சம் அழுத்திட்டீங்க."

கம்பெனியம்மா அளவுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் தலைவரையும், பிறகு திரையையும் பார்த்தார். சிரிப்பு அவர் வயிற்றிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வந்தது. சிரித்து முடித்ததும் மருமகளின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து இடத்துல சோதனை நடந்து பாத்திருக்கேன். தப்பா வந்தா எல்லாரும் சமாளிப்பாங்க. தப்பா வந்த இடத்துல நேத்து யார் ஷூவோட படுத்தாங்கன்னு சொன்ன கணக்கை இப்பத்தான் பாக்கறேன். எனக்கு இது வேணும். எப்ப குடுப்பே?"

மருமகள் அழுதுகொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்து, "ஆறு வருஷம் ஆகுங்க" என்றேன், பேரத்தை உயர்வாக ஆரம்பிக்கலாமே என்று. என் காலை அவள் மிதித்தாள். ஆறு மாதம் என்று முடிந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்து கைகொடுத்தார். "நீங்கதானே அந்த எண்பத்தொண்ணு?"

"எண்பதுங்க. இந்த வாரம் பன் சாப்பிடல."

கையேட்டிலிருந்து அனுபவ எண்ணை அடித்துவிட்டார்கள். பழைய அறிக்கைகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் என்னைக் கழிக்கும் வேலை நடக்கிறது. அதற்காகக் கணினியில் மருமகள் எழுதியிருக்கும் கட்டளையின் பெயர் "மாமா". அந்தப் பெயரைத் தட்டினால் நான் ஒரு ஐந்து முறை படுத்து எழுந்திருக்கிறேன். தலைவருடைய பெயரிலும் ஒன்று எழுதலாம் என்றேன். வேலை போய்விடும் என்கிறாள். கூடத்தின் மூலையில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. அது யாருக்கு என்று யாரும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் கால்மாட்டில் ஷூ வைக்க ஒரு பலகை அடித்திருக்கிறது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கம்பெனியம்மா கடிதம் எழுதிவிட்டார்: ஆள் படுத்த மண்ணையும் முறைப்படி வாராவாரம் சோதித்துத் தர வேண்டுமாம். ஆகவே இப்போது புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி, உத்தியோகபூர்வமாகத் தொட்டியின் நடுவில் போய்ப் படுக்கிறேன். அதே விரிப்பு, அதே காற்று, அதே குளிர்ச்சி. கதவில் அதே பலகை.

பொட்டுத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, நடுநடுவே ஒரு குறட்டையும் விடுகிறேன். மருமகள் திரையைப் பார்த்துத் தலையாட்டிக் குறித்துக்கொள்கிறாள். இதை மட்டும் அந்தக் கணினி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.